பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் பச்சை விழுந்த பிறகுதான், கல்யாணத் தரகர் அந்தச் செய்தியையே படித்தார்.

'உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு! மறுபடியும் வாங்க. பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் முப்பது சதவீதம் தள்ளுபடி. நாளை மாலை வரை.'

பழைய வாடிக்கையாளர் என்றால் அவர் தொழிலில் ஒரே அர்த்தம்தான். அவர் பார்த்து முடித்துவைத்து, இன்றைக்குக் குடியும் குடித்தனமுமாக இருக்கிறவர்கள்.

அத்தனை பேரையும் இன்னொரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டாயிற்று.

"மேடம், என்ன கூத்து இது?"

எதிரே இருந்த ஆலோசகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொழிலை வளர்த்துத் தருகிறேன் என்று மூன்று நாளாக வந்துகொண்டிருக்கும் பெண்மணி. பியூட்டி பார்லருக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் இதே செய்திதானாம். அங்கெல்லாம் கூட்டம் அள்ளியதாம்.

"உங்ககிட்ட ஒரு தடவை வந்தவங்க யாருமே திரும்ப வரலை சார். அது பெரிய ஓட்டை இல்லையா?"

ஓட்டையாம்! இருபத்தெட்டு வருஷமாக மனிதர் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததே அதனால்தான். தலைக்கு மேலே பலகையே மாட்டியிருந்தார்: 'இங்கே முடிந்த எந்தக் கல்யாணமும் முறிந்ததில்லை.' வருகிறவர்கள் அதைப் படித்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்கள். அந்தப் பலகை இறங்கினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

பக்கத்தில் இன்னொரு பலகை: 'மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுக்கவும்.' வாடிக்கையாளரைக் காக்கவைப்பது அவர் அகராதியில் மகா பாவம்.

மணி அடிக்க ஆரம்பித்தது. வரவேற்பு மேஜையில் இருந்த டெலிபோன் அக்கா இரண்டு காதிலும் இரண்டு ரிசீவரோடு திரும்பிப் பார்த்தாள்.

"சார், ஒருத்தர் லைன்ல இருக்கார். 'என் பொண்டாட்டிக்கும் இந்த மெசேஜ் வந்துச்சா'ன்னு கேக்கறார்."

"வந்துச்சுன்னு சொல்லும்மா. மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"அந்தம்மாவும் இந்த லைன்ல இருக்காங்க சார். அவங்களும் அதையேதான் கேக்கறாங்க."

தரகரின் கைபேசி அதிர்ந்தது. 'வீடு' என்று காட்டியது. சாப்பிட்டீங்களா என்று கேட்கத்தான் இருக்கும். சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியேதான் இருந்தது. துண்டித்தார்.

திரையில் 'விருப்பம்' என்ற கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. மூன்று. ஒன்பது. பதினேழு.

"நாலு சதவீதம் சார்! முதல் நாளே!" ஆலோசகருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

மறுபடியும் 'வீடு'. மறுபடியும் துண்டித்தார். பதினேழு குடும்பம் நட்டாற்றில் நிற்கும்போது சாப்பாடு ஒரு கேடா?

விருப்பம் சொன்னவர்கள் நிரப்பிய படிவங்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். 'யாருக்காக?' என்ற கேள்விக்கு முதல் ஆள் 'என் தங்கைக்கு' என்று எழுதியிருந்தார். அடுத்தவர் மச்சினனுக்கு. அதற்கடுத்தவர் ஆபீஸ் தோழிக்கு. ஒரு அம்மாள் தன் மகனுக்கே பெண் கேட்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் முடித்தது நேற்று மாதிரி இருக்கிறது, அதற்குள் மகன் மாப்பிள்ளையாகிவிட்டான்!

பதினாறு பேர். பதினாறும் புது வரன்.

அப்பாடா என்று தரகர் சாய்ந்து உட்கார்ந்தார். பலகையை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். இந்த மேடத்துக்கு ஒரு காபி சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

பதினேழாவதைத் திறந்தார்.

யாருக்காக? 'எனக்குத்தான்.'

வாடிக்கையாளர் எண்: ஒன்று.

சிரிப்பு அப்படியே உறைந்தது. எண் ஒன்றின் கதையை அவர் சொல்லாத ஆள் கிடையாது. மேடத்துக்கும் முதல் நாளே சொல்லியிருந்தார். கடை திறந்த வாரம் வந்த பெண். பதினோரு போட்டோவைக் காட்டினார், பதினொன்றையும் தள்ளிவிட்டாள். பன்னிரண்டாவது வரனுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் சரி சொன்னாள். அன்றைக்குப் பிடித்த ராசிதான் இந்தக் கடை என்பார்.

"முதல் வாடிக்கையாளரா? விட்டுடாதீங்க சார், உடனே கூப்பிடுங்க" என்றார் ஆலோசகர்.

தரகர் கீழே படித்தார். 'எதிர்பார்ப்புகள்' என்ற இடத்தில் மற்றவர்கள் உயரம், படிப்பு, சம்பளம் என்று பத்து வரி நிரப்புவார்கள். இதில் ஒரே வரிதான் இருந்தது.

'கூப்பிட்டால் போனை எடுக்கிறவராக இருந்தால் போதும்.'

மேஜைமேல் கிடந்த கைபேசியை ஒரு பார்வை பார்த்தார்.

பன்னிரண்டாவது வரனைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வரனுக்குப் போட்டோவே கிடையாது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பதினோரு போட்டோவையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர்தான் அது.

கைபேசி மூன்றாவது தடவை அதிர்ந்தது. 'வீடு.'

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். பதற்றத்தில் வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது. "வணக்கம், திருமணத் தகவல் மையம். சொல்லுங்க."



"அந்தத் தள்ளுபடி," என்றாள் மனைவி, "பழைய ஆளையே மறுபடி எடுத்துக்கிட்டாலும் உண்டா சார்?"