மாதுளையில் ஒரு கறுப்பு

பூங்கோதையின் ஸ்டுடியோவில் பழமோ பூவோ மோதிரமோ, நெருக்கத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால் ஆறு வருஷமாக அறுபது மில்லிமீட்டர் லென்ஸ்தான். அன்று புதுப் பெட்டியிலிருந்து நூறு மில்லிமீட்டர் லென்ஸ் பளபளவென்று வெளியே வந்ததும் அறுபதுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

இரண்டில் எது தேவலை என்று பார்க்க, பூங்கோதை பாதி மாதுளம்பழத்தை ஜன்னலோரம் வைத்தாள். நூறு ஒரு சாண் தள்ளி நின்று எடுத்தது. ஒவ்வொரு முத்தும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஜொலித்தது.

"ஆகா!" என்றாள் பூங்கோதை.

ஆறு வருஷத்தில் அறுபதுக்கு ஒரு ஆகாகூடக் கிடைத்ததில்லை.

"எட்ட நின்னு எவன் வேணா எடுப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே, தன் முறை வந்ததும் அது பழத்தை முட்டுகிற அளவுக்கு நெருங்கிப்போய் எடுத்தது. படத்தில் பாதி முத்துக்கள் கறுத்துக் கிடந்தன.

அறுபதுக்குத் தலைகால் புரியவில்லை. "பழம் அழுகியிருக்கு! உன் கண்ணுல பட்டுச்சா? கிட்டப் போனாத்தானேடா தெரியும்!" என்று நூறைப் பார்த்துக் கத்தியது.

மாதுளை மெல்ல வாயைத் திறந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன். அது உங்க நிழல்."