நேற்றிலிருந்து வலி

எந்தப் பழைய நோயையும் காப்பீடு தள்ளக் கூடாது என்ற சட்டம் வந்து இருபது நாள் ஆகியும், இதனால் நாடே திவாலாகிவிடும் என்று மருத்துவமனை டிவி திரையில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பதிவு மேசையில் இருந்த நசீமா, லாரி டிரைவர் பொன்னுரங்கத்திடம் கேட்டாள்: "வயித்து வலி எத்தனை நாளா?"

"நேத்துலேர்ந்துதாம்மா. பரோட்டா சாப்பிட்டேன்."

நசீமாவுக்குச் சுருக்கென்றது. பழைய வலி என்றால் காப்பீடு கிடைக்காது, நேற்று வந்தது என்று சொல்லுங்கள் என இதே மேசையில் பத்து வருடம் எல்லார் காதிலும் ஓதியவள் அவள்தான். இப்போது 'நேற்று வந்த வலி' என்று எழுதினால், சோதித்துப் பார்க்காமலே மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணே, இனிமே பொய் வேணாம். பழசுன்னாலும் பார்ப்பாங்க."

பொன்னுரங்கம் திரையைக் காட்டினார். "அவங்க கூடாதுங்கறாங்களே?"

"அவங்க பேசட்டும். நீங்க சொல்லுங்க."

அவர் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: "நாலு வருஷம்."

மனைவி எழுந்தே விட்டாள். "எங்கிட்டயும் பரோட்டான்னுதானே சொன்னீங்க!"

நசீமா நாலு வருடம் என்று பதிந்தாள். மனைவி திட்டி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.