கன்னத்துக் குழி

திரும்பி வந்த மோனாலிசா நகல்களை லுவோ மாடிப்படியிலேயே சாய்த்து வைத்தான். படங்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் அவன்.

"அண்ணி, அண்ணனுக்குக் கை எங்கயோ அலையுது. இடது கன்னத்துல குழி விழுந்திருக்கு பாருங்க, ஒண்ணு பாக்கியில்லாம. எவன் வாங்குவான் இதை?"

சரிசெய்து வைப்பதாகச் சொல்லி அவனை அனுப்பினாள் ரூயிங்.

சீனாவின் ஷென்சென் நகரத்தில், பேர்பெற்ற ஓவியங்களை நகலெடுத்து விற்கிற அந்தத் தெருவில் முகம் ஒருவர் போட்டால் கை இன்னொருவர் போடுவார். அவள் புருஷன் தாசெங்குக்கு முகம். அவளுக்குக் கைகள். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்புதான். ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு பல்மருத்துவரின் சுவரில், இருவரும் சேர்ந்து போட்டவள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

மூலப்படத்தைப் பார்த்துப் போடுகிற வேலையெல்லாம் என்றோ போய்விட்டது. கை தன் பாட்டுக்குப் போடும். வில்லங்கமும் அதில்தான். புதிதாகக் காதலில் விழுந்தவன் போடும் மோனாலிசாவுக்கு அவன் ஆளின் ஜாடை வந்துவிடும். சரக்கு திரும்பி வரும். யாருடா அவள் என்று தெருவே கூடிக் கிண்டலடிக்கும். ரூயிங்கும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

இன்று அவளுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்வீட்டில் படங்களுக்குச் சட்டம் அடிக்கிற சூஃபென் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். தனியாக இருக்கிறாளே, பாவம் என்று புத்தாண்டு வசந்த விழாவுக்கு அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஊட்டாத குறையாகக் கொழுக்கட்டை பரிமாறியது ரூயிங்தான்.

சட்டம் வாங்கப் போன தாசெங் இன்னும் திரும்பவில்லை.

மாடிப்படியில் சாய்ந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தக் கன்னங்களுக்குக் கீழே, ஒன்றும் தெரியாதவை போல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தவை அவள் போட்ட கைகள்.

சட்டென்று எழுந்து, அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த மோனாலிசா படத்தைக் கழற்றினாள். அது கல்யாணமான மாதத்தில் தாசெங் போட்டது. யார் கேட்டும் விற்கவில்லை. "உன்னை நெனச்சுக்கிட்டே போட்டது" என்று சொல்லித்தான் ஆணி அடித்தான். அந்த ஒரு பேச்சை நம்பியே இத்தனை வருஷமும் ஓடிவிட்டது. படத்தை அவள் உற்றுப் பார்த்ததேயில்லை.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

தன்னுடைய அகன்ற மூக்கைத் தேடினாள். லேசாகக் கோணிய மேலுதட்டைத் தேடினாள். கண்ணில், தாடையில், எங்காவது துளி ஜாடை இருக்கிறதா என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நூல் பிசகாத மோனாலிசா.

லுவோ மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.