சரியாகப் பாதியில்

"போச்சு! மறுபடியும் நின்னு போச்சு!"

லேப் டெக்னீஷியன் தலையில் கை வைத்தான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்த நிர்வாகி ஆரம்பித்துவிட்டார். அந்தப் பயிற்சி நிலையத்தில் அவருக்கு 'சைரன்' என்று பெயர். யார் வைத்தார்களோ, அனுபவித்து வைத்திருக்கிறார்கள்.

"என்னப்பா பண்ணிக்கிட்டிருக்கே? பசங்க வேலையைப் பார்க்க மதியம் தேர்வாளர் வர்றார். ஒரு கம்ப்யூட்டராவது உருப்படியா ஓடுதா?"

"இதோ சார்..."

"காலையிலேருந்து இதோ, இதோங்கறே. போன மாசம் சர்வரைக் கவுத்தே, பொறுத்துக்கிட்டேன். இன்னும் ஒரே ஒரு தப்பு, நீ வீட்டுக்குப் போயிடலாம். ஆமா, சொல்லிட்டேன்!"

வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். டெக்னீஷியன் அவசரமாகக் கீபோர்டுக்குத் திரும்பினான்.

வேலை என்னவோ சுலபமானதுதான். லேபில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் குளறுபடி. ஒன்றை மட்டும் சுத்தமாகச் சரிசெய்து, அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுத்து சர்வரில் வைத்திருந்தான். அதை நெட்வொர்க் வழியாக மற்ற எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டால் முடிந்தது. இறங்கினால்தானே! பாதி வந்ததும் எல்லாத் திரையிலும் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்து நிற்கும்.

இமேஜ் கெட்டுப்போயிருக்குமோ என்று சோதித்தான். நன்றாகத்தான் இருந்தது. சர்வரில் இடம் போதவில்லையோ? தாராளமாக இருந்தது. கேபிளை மாற்றினான். மறுபடி ஓடவிட்டான். மறுபடி பாதி. மறுபடி சைரன்.

நடுவில் அவன் போன் வேறு சிணுங்கியது. சைரன் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"வேலை முடிஞ்சதும் வாங்கிக்க!"

பின்வரிசை மேசையில் டிசைன் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் டெக்னீஷியனுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். இப்போதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'வேடிக்கை பார்க்க வந்துட்டாங்க' என்று பல்லைக் கடித்தான்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கேபிள் கோளாறு என்றால் எங்கே வேண்டுமானாலும் நிற்கவேண்டும். அதெப்படி ஒவ்வொரு தடவையும் சரியாகப் பாதியில் நிற்கும்? மிஷினுக்குக் கணக்குப் பார்த்துப் பழுதாகத் தெரியுமா? இது யாரோ மனுஷர் பண்ணுகிற வேலை!

மறுபடியும் ஓடவிட்டான். "லைனைப் பார்த்துட்டு வர்றேன் சார்" என்று மேசைகளுக்கு அடியில் புகுந்தான். தவழ்ந்து தவழ்ந்து, கேபிள்கள் எல்லாம் போய்ச் சேரும் சுவிட்ச் பெட்டி வரைக்கும் போனான். பெட்டி இருந்தது டிசைன் டீச்சரின் மேசைக்கு அடியில்.

பாதி நெருங்கியது. மேலேயிருந்து ஒரு கை மெல்ல இறங்கியது. சர்வர் கேபிளைப் பிடித்து 'டக்'கென்று உருவியது.

"சார்! இங்க வந்து பாருங்க சார்! டீச்சர்தான் கழட்டறாங்க!"

சைரன் ஓடி வந்தார். டீச்சரின் கையில் கேபிள். கையும் களவுமாக!

டீச்சர் எழுந்து நின்றாள்.

"கால் பட்டுக் கழண்டிருக்கு சார். இப்பத்தான் கவனிச்சேன், எடுத்து மாட்டப் போனேன். முன்னாடி நின்னதும் இதனாலதான் இருக்கும். தப்பு என்னோடதுதான்."

"உங்களால இவனைப் போட்டு வறுத்து எடுத்துட்டேனே! படிச்சவங்கதானே நீங்க? கால் எங்க இருக்குன்னுகூடத் தெரியாதா?"

லேபே அதிர்ந்தது. வராந்தாவில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். டெக்னீஷியனுக்கு மனசு குளிர்ந்தது. நல்லா வேணும்!

வாசலில் கார் வந்த சத்தம் கேட்டது. தேர்வாளர் முன்னதாகவே வந்துவிட்டார். "நான் அவருக்குக் காபி கொடுத்துப் பேச்சுக் கொடுக்கறேன். அதுக்குள்ள முடிச்சு வை!" என்று சைரன் கீழே ஓடினார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், டெக்னீஷியன் பொரிந்தான்.

"கால் பட்டுச்சா? நான் கண்ணால பார்த்தேன் டீச்சர். என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுல உங்களுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?"

டீச்சர் அவன் கையைப் பிடித்து சர்வர் முன்னால் இழுத்துப்போய், திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினாள்.

அவன் பார்த்தான். 'முழு டிஸ்க்கையும் அழித்து எழுது' என்பதில் டிக் அடித்திருந்தது. அடித்தவன் அவனேதான். விண்டோஸ் இருப்பது டிஸ்க்கின் முதல் பாதியில். அதற்கு மட்டும்தான் கொடுத்திருக்கவேண்டும். பிள்ளைகள் வருஷம் முழுக்க வரைந்து சேர்த்த வேலை அத்தனையும் இருந்தது இரண்டாவது பாதியில்.

எழுதுவது டிஸ்க்கின் முதலிலிருந்து வரிசையாகத்தான் போகும்; பாதியைத் தாண்டியிருந்தால் அவ்வளவுதான்.

"அய்யோ... எல்லாம் போயிருக்குமே! டீச்சர், இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"காலையிலயே திரையில அந்த டிக்கைப் பார்த்துட்டேன். ஆனா எப்படிச் சொல்றது தம்பி? அவர் உன் முதுகை விட்டு நகரவே இல்ல. போன்ல சொல்லலாம்னா அதுவும் அவர் பையில. நான் வாயைத் திறந்திருந்தா உனக்கு வேலை போயிருக்கும். கேபிளைக் கழட்டினதுல எனக்குத் திட்டோட போச்சு. நின்னுக்கிட்டே இருக்காதே, அவர் வர்றதுக்குள்ள சீக்கிரம் டிக்கை மாத்து!"