பட்டை பச்சையாகும் வரை

மாத்திரை தவறினால் காட்டிக்கொடுக்கவென்று ஜெசிந்தாவின் தொண்டைக்குழியில் ஒட்டியிருந்த பட்டை அன்று காலை முதன்முறையாகச் சிவந்தது. வேண்டுமென்றேதான் அவள் தைராய்டு மாத்திரையை விழுங்காமல் கையில் வைத்திருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பட்டை சிவந்தால்தான் கடலடிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவன் டெனிஸுக்கு அவசர இணைப்பு திறக்கும். மற்றபடி ஒப்பந்தம் முடிந்து அவன் கரையேறும்வரை பேச்சே கிடையாது.

"ஜெசி! என்னட்டி ஆச்சு?" டெனிஸின் குரல் பதறியது.

"ஒண்ணுமில்லங்க. உங்க குரலக் கேக்கணும்போல இருந்துச்சு. அதான் மாத்திரை போடல."

"கிறுக்கி! மாத்திரை போட்டுட்டு ஒரு மணி நேரம் நீ காப்பி குடிக்காமக் கெடப்பியேன்னு, நானும் இங்க தெனமும் காப்பியத் தொடாம உக்காந்திருக்கேன், தெரியுமா?"

அவள் சிரித்தாள், கண்ணும் நிறைந்தது. "முழுங்குனா பட்டை பச்சையாயிரும். லைன் போயிரும்லா?"

"போகட்டும்ட்டி. நான் வந்து உன் பேச்சையும் பிள்ள பேச்சையும் சேத்துக் கேட்டுக்கிடுதேன். முழுங்கு."

விழுங்கினாள். அவன் ஏதோ சொல்லத் தொடங்கிய குரல் பாதியில் அறுந்தது.

அடுப்படியில் டிகாஷன் மணத்தது. தொடக்கூடாத அந்த ஒரு மணி நேரமும் அவள் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடலுக்கடியிலும் ஒருவன் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.