கொள்கை அளவில் ஆதரவு

"பன்னிரண்டாம் பக்கம், மூணாவது வரி," என்று ஆரம்பித்தார் கொக்கி. "வேலை முடிந்ததும் தகவல் தர வேண்டும்னு போட்டிருக்கீங்க. பாதியில நின்னு போச்சுன்னா, அதுவும் முடிஞ்ச கணக்கா, இல்லையா?"

யாரோ உச்சுக்கொட்டினார்கள். அன்றைக்கு மட்டும் இது ஒன்பதாவது கேள்வி.

"குறிச்சுக்கறேன் சார்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. குழுவை நடத்துகிறவள் பல்லைத்தான் கடிக்க முடியும், ஆளையா கடிக்க முடியும்?

எதற்கெடுத்தாலும் கொக்கி போடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். யார் வைத்ததோ தெரியாது, நன்றாக ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். இருபது ஆய்வுக்கூடங்கள். ஒவ்வொன்றிலும் அறை நிறையக் கம்ப்யூட்டர்கள். எல்லாம் ஒரே வலைப்பின்னலில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு கூடத்தின் புரோகிராம் இன்னொரு கூடத்தில் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள். மாற்றி எழுதவே நாலு மாதம் ஆகும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டளைத் தொகுப்பை எழுதி, அதைத் தரமாக ஏற்கவைக்க மூன்று வருஷமாக நாயாய் அலைகிறாள் அவள்.

காரணம் அவள் தங்கை. வெள்ள எச்சரிக்கைப் பிரிவில் இருக்கிறாள். போன மழைக்கு அவளுடைய கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில் மற்ற கூடங்களின் கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. "இந்த மழைக்காவது முடியுமாக்கா?" என்று கேட்டவளுக்கு இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

காபி இடைவேளையில் பெரிய கூடத்து இயக்குநர் பக்கத்தில் வந்தார்.

"அந்த ஆளை விட்டுத்தள்ளும்மா. அவங்க கூடத்துக்குன்னு ஒரு முறை இருக்கு, அது அடிபட்டுப் போயிடுமேன்னு வயித்தெரிச்சல். நீ பிரமாதமா எழுதியிருக்கே. விதிப்படி இன்னொரு கூடம் இதைத் தன் கம்ப்யூட்டர்ல செஞ்சு, ஓட்டிக் காட்டணும், அவ்வளவுதானே? நான் இருக்கேன்."

அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது.

அடுத்த வாரம் மீதியும் இறங்கியது. கொக்கி மூன்று வாரம் லீவாம்! பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவளுக்கு. அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே வாக்கெடுப்புக்கு நாள் குறித்துவிட்டாள்.

கொக்கி இல்லாத கூட்டம் வழுக்கிக்கொண்டு போனது. "அருமை" என்றார் ஒருவர். "காலத்தின் தேவை" என்றார் இன்னொருவர். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"சந்தோஷம். சரி, செஞ்சு பார்த்த கூடம் எது?" என்று கேட்டார் தலைவர்.

அவள் இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் தன் பேனாவைப் பார்த்தார்.

"எங்க ஆதரவு முழு மனசோட உண்டு," என்றார். "கொள்கை அளவுல. செய்யறதுக்குத்தான் ஆள் இல்ல."

"வேற யாராவது?"

ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருவருக்குத் திடீரென்று தாகம் எடுத்தது.

"அப்போ இதைப் பட்டியல்லேருந்து எடுத்துட வேண்டியதுதான். இனிமே ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்."

ரெண்டு வருஷம். அதற்குள் எத்தனை மழை! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, ஓடுதுக்கா!" என்று கத்தினாள் தங்கை. கத்தியது அறை முழுவதும் கேட்டது. "என் புரோகிராம் உங்க கூடத்துலயும் ஓடுது, இன்னொரு கூடத்துலயும் ஓடுது. ஒரு எழுத்துகூட மாத்தல. ரெண்டு விடையும் ஒண்ணு!"

"எந்தக் கூடம்டி?"

"ஸ்பீக்கர்ல போடும்மா," என்றார் தலைவர்.

"நீ தினம் திட்டுவியே, கொக்கி, அவரோட கூடம்தான்! இதுக்கெல்லாம் ஆபீஸ் நேரம் தரமுடியாதுன்னு மேலதிகாரி சொல்லிட்டாராம். மனுஷன் இத்தனை மாசமா ராத்திரியில செஞ்சுட்டு, முடிக்கறதுக்கு லீவைப் போட்டு உட்கார்ந்திருக்கார்க்கா. நேத்துத்தான் ஓட்டிப் பார்க்க என் புரோகிராமைக் கேட்டு வாங்கினார். விடை வந்ததும் அப்பவே அங்கே கிளம்பிட்டார்."

அவள் முகம் சிவந்து போனது. கதவு திறந்தது. மூன்று நாள் தாடியும் கையில் ஒரு கத்தைக் காகிதமுமாக உள்ளே வந்தார் கொக்கி.

முதலில் எழுந்து கைதட்டியவர் பெரிய கூடத்து இயக்குநர்தான்.

அவளால் கைதட்டக்கூட முடியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்," என்றாள். "நான் உங்களைப் போய்..."

"செய்யறவன் எழுதினவங்ககிட்ட தனியாப் பேசக்கூடாதே, அதானேம்மா விதி? அதான் மாட்டிக்கிட்ட இடத்தையெல்லாம் கூட்டத்துலயே கேட்டேன்," என்றார் கொக்கி சங்கோஜமாக. "செஞ்சு பார்க்காம இருந்திருந்தா, எனக்கும் ஒரு சந்தேகமும் வந்திருக்காது."