மூவருக்கான அரக்கன்

கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டத்தில், ஆட்களின் எண்ணிக்கைக்கேற்ப அரக்கனின் பலத்தை வைப்பது தரணியின் வேலை. நாலாவது ஆட்டக்காரன் ஸ்ரீஹரி விபத்தில் இறந்த பிறகு நளினி, ஜெயபிரகாஷ், யதிராஜ் என மூவருக்காக வைத்தாள். மலையை விழுங்குகிற அரக்கன் அப்பளமாக நொறுங்கினான்.

“கொசு அட்ச்ச மாதிரி கீதுக்கா. இப்டின்னா நான் இனிமே வரமாட்டேன்,” என்றாள் நளினி.

அடுத்த வாரம் நால்வருக்காக வைத்தாள். ஆட்டம் கச்சிதமாக அமைந்தது. நகரி ஊரின் விசைத்தறிகளெல்லாம் வாயடைத்துப் போகும்படி சிரித்தார்கள்.

அரக்கன் யாரைக் கொல்வான் என்று பார்க்க, பழக்கத்தில் நாலுமுகப் பகடையையே உருட்டினாள். நான்கு விழுந்தது. அது ஸ்ரீஹரியின் எண்.

“திருப்பிப் போடுக்கா,” என்றான் ஜெயபிரகாஷ்.

தரணி யாருக்காகவும் மறுபடி உருட்டியதில்லை. காலி நாற்காலியைப் பார்த்தாள்.

“அடி உம்மேல பட்டுது, ஸ்ரீ. நீ செத்துட்ட.”

நாற்காலி மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது.

அதன்பின் மூவருக்காக வைத்த அரக்கன் மூவருக்குச் சரியாக இருந்தான். போராடி ஜெயித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.